எல்லாவற்றுக்கும் ஒரு கயிறு

அந்த வீட்டில் கத்தரிக்கோல் தொலைந்ததே கிடையாது. தையல் மேசையின் காலில் ஒரு கயிறு, கயிற்றின் மறுமுனையில் கத்தரிக்கோல். டி.வி. ரிமோட் சோபாவின் கைப்பிடியோடு கட்டப்பட்டிருக்கும். ஃப்ரிட்ஜின் மேல் பேனா, குளியலறையில் சீப்பு, வாசல் கதவுக்குப் பின்னால் டார்ச் விளக்கு, எல்லாம் கயிற்றில்தான். புதிதாக வருகிற விருந்தாளி ரிமோட்டை எடுத்துக்கொண்டு வசதியாகச் சாயப் போனால், அது பாதி வழியில் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். வீட்டுக்காரர் முகத்தில் சிரிப்பே இல்லாமல், "கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளி உக்காருங்க, எட்டும்" என்பார்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். பெரிய கட்டிடங்களுக்கு நடுவில் கிணறு மாதிரி இறங்கும் இருட்டுக்குள்தான் அவருடைய வேலை. அங்கே கையிலிருந்து ஒரு ஸ்பேனர் நழுவினால் அடிவரைக்கும் போகும். கீழே யாராவது நின்றால் அவர் கதை முடிந்தது. அதனால் மணிக்கட்டோடோ இடுப்போடோ கட்டாமல் ஒரு சாமானையும் உள்ளே கொண்டுபோகக் கூடாது என்பது அந்த வேலையின் முதல் பாடம். அவர் அந்தப் பாடத்தை வேலையோடு விட்டுவிட்டு வராமல் வீடுவரைக்கும் கொண்டுவந்துவிட்டார்.

அவருக்கு ஒரு தம்பி. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது தொழில். அண்ணனின் கல்யாணத்தின்போது பள்ளிக்கூடப் பையனாக இருந்தவன், அண்ணியின் கையால் சாப்பிட்டு வளர்ந்தவன். கிண்டல் செய்ய அவனுக்கு உரிமை உண்டு. "உங்களை ஒரு கயித்துல கட்டிப் போடாம விட்டாரே அண்ணி, அதுவே பெரிய விஷயம்" என்பான். அவளும் தையலிலிருந்து தலையைத் தூக்காமல் பதில் சொல்லுவாள். "கட்டித்தான் வச்சிருக்கார் தம்பி. கயிறு கொஞ்சம் நீளம், அதான் உன் கண்ணுக்குத் தெரியல."

அவள் திரைச்சீலை தைக்கிறவள். தெருவில் எல்லோருக்கும் கர்ட்டன் அக்கா. ஊரில் பாதி ஜன்னல்களை அவள் அளந்திருக்கிறாள், ஆனால் ஒன்றின் வழியாகவும் நின்று வெளியே பார்த்ததில்லை. அளவு நாடாவைப் பிடித்தபடி சுவரைப் பார்ப்பாள், கம்பியைப் பார்ப்பாள், தரைக்கும் துணிக்கும் இடையில் எத்தனை விரல் இடம் விட வேண்டும் என்று பார்ப்பாள். வெளியே கடல் தெரிகிற வீடுகளும் அதில் உண்டு. கடல் தெரிந்தால் வெயிலும் அதிகம், ஆகவே உள்துணி இரட்டையாகப் போட வேண்டும். கடலைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அவருக்கு ரத்த அழுத்தம் என்று தெரிந்த பிறகு, நீச்சல் நல்லது என்று டாக்டர் சொல்ல, இருவரும் காலையில் கடற்கரைக்குப் பக்கத்தில் இருந்த நீச்சல் குளத்துக்குப் போக ஆரம்பித்தார்கள். அவள் ஒரு வாரத்தில் மிதந்துவிட்டாள். அவருக்குப் பல மாதம் ஆயிற்று. தண்ணீரில் எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும் என்ற நினைப்பு அவரை விட்டுப் போகவில்லை. குளத்தின் காவலர், யாராவது மூழ்கினால் குதித்துத் தூக்குகிற வேலைக்காரர், ஏணியைவிட உயரமான மனிதர். ஊர் முழுவதும் அவருக்கு நெட்டை என்றே பெயர், அவரும் அந்தப் பெயருக்குத்தான் திரும்பிப் பார்ப்பார். நெட்டை விடுமுறை நாட்களில் கயாக் என்கிற ஒற்றையாள் துடுப்புப் படகில் கடலுக்குப் போய் மீன் பிடிப்பவர். புதிதாக ஒன்று வாங்கியதும் பழையதை என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தார். லிஃப்ட்காரர் அதைக் கைகளால் தடவிப் பார்த்தார். அன்று மாலையே அது வீட்டுக்கு வந்துவிட்டது.

உள்ளே இறங்கி உட்காராமல் மேலேயே உட்கார்ந்து ஓட்டுகிற வகை. கெட்டியான மஞ்சள் பிளாஸ்டிக், நடுவில் ஒரு இருக்கை, ஏறுகிற தண்ணீர் தானாக வடிந்துபோக அடியில் துளைகள். அவர்களிடம் கார் இல்லை, ஆனால் கீழே கார் நிறுத்தும் இடத்தில் ஒரு மூலை காலியாகக் கிடந்தது. கல்யாண மண்டபம் ஒன்று தூக்கிப் போட்ட பெஞ்சின் கால்களை வெட்டி இரண்டு தாங்கிகள் செய்து, அதன் மேல் கயாக்கை ஏற்றி வைத்தார். அப்புறம் ஆளையே பிடிக்க முடியவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் கீழேயிருந்து ட்ரில் சத்தம்தான் பதில்.

கடலில் மீன் பிடிக்கிறவனால் கயாக்கில் எழுந்து நடக்க முடியாது. வேண்டியதெல்லாம் உட்கார்ந்த இடத்திலிருந்து கைக்கு எட்ட வேண்டும். தூண்டிலைச் செருகி வைக்க இருக்கைக்குப் பின்னால் சாய்வாக ஒரு குழாய். முள்ளை எடுக்கும் குறடு, கத்தி, விசில், தூண்டில் சாமான் பெட்டி ஒவ்வொன்றுக்கும் ஒரு இடம். அவர் ஒவ்வொன்றாகப் பொருத்தினார். முதல் துளையைத் தவறான இடத்தில் போட்டுவிட்டார். உள்பக்கம் கை நுழையாத இடம், திருகாணியைப் பிடிக்க வழியில்லை. ஒரு நாள் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, கறுப்பு ரப்பர் மூடி ஒன்றை அழுத்தி, சுற்றிலும் சிலிக்கான் பூசி அடைத்தார். தோலில் ஒரு மச்சம் மாதிரி அது அங்கேயே இருந்தது. பொருத்திய ஒவ்வொரு சாமானுக்கும் கயிறு. அது சொல்லாமலே தெரிந்த சங்கதி.

அவருக்கு உயிரான இடம் பக்கவாட்டில் ஓடிய கயிறுதான். மூக்கில் ஒரு கப்பி, வாலில் ஒரு கப்பி, இரண்டையும் சுற்றி முடிவில்லாத ஒரு கயிறு, அதில் ஒரு வளையம். நங்கூரத்தை அந்த வளையத்தில் மாட்டிவிட்டு, இருந்த இடத்திலிருந்தே கயிற்றை இழுத்தால் வளையம் முன்னால் போகும், பின்னால் வரும். நங்கூரம் நடுவில் பிடித்தால் அலை பக்கவாட்டில் அடித்துக் கவிழ்த்துவிடும், முனையில் பிடித்தால் கயாக் காற்றைப் பார்த்து ஒழுங்காக நிற்கும். நெட்டை இதை விளக்கியபோது அவர் முகம் மலர்ந்ததை அவள் பார்த்தாள்.

"இது நம்ம சாமான்தான். என்ன, இந்த லிஃப்ட் படுத்துக்கிட்டிருக்கு, அவ்வளவுதான்" என்றார்.

அவளிடம் மிச்சமிருந்த, தண்ணீர் ஒட்டாத உள்துணியில் ஒரு உறை கேட்டார். மூக்குக்கும் வாலுக்கும் சரியாக மடிப்பு வைத்துத் தைத்துக் கொடுத்தாள். அடுத்த வாரம் தண்ணீரில் இறக்குவதாகப் பேச்சு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கப்பிகளுக்கு எண்ணெய் விட்டுவிட்டு வந்தார், கை கழுவினார், "அரை மணி நேரத்துல எழுப்பு" என்று சொல்லிப் படுத்தார்.

அரை மணி நேரம் கழித்து அவள் எழுப்பினாள்.

*

துக்கம் கேட்க வந்தவர்கள் ரிமோட்டை எடுத்துப் பார்த்துவிட்டு அழுதார்கள். அவள் யாருக்கும் ஆறுதல் சொல்லும் நிலையிலும் இல்லை, வாங்கிக்கொள்ளும் நிலையிலும் இல்லை. தைக்க வேண்டிய துணி இருந்தது, தைத்தாள். ஜன்னல்கள் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. எட்டு மாதம் அப்படியே போயிற்று. கீழே மூலையில் கயாக் அவள் தைத்த உறைக்குள் கிடந்தது. அவள் படியிறங்கும்போது அந்தப் பக்கம் திரும்பாமல் போகப் பழகியிருந்தாள்.

அப்போதுதான் கீழ் வீட்டுக்குப் புதுக் குடித்தனம் வருவதாகச் செய்தி வந்தது. அவர்களிடம் கார் இருந்தது. கட்டிடத்தின் சங்கச் செயலாளர் தயங்கித் தயங்கி, தொண்டையைச் செருமிக்கொண்டு, மாதக் கடைசிக்குள் மூலையைக் காலி செய்து கொடுத்தால் உதவியாக இருக்கும் என்றார். பாவம், அவர் மேல் தப்பில்லை.

வெளியூரில் வேலை பார்க்கும் மகள் ஃபோனில் சுலபமாக முடிவு சொன்னாள். யாருக்காவது கொடுத்துவிட வேண்டியதுதானே. ஞாபகத்துக்கு வேண்டுமானால் நல்லதாக ஒரு படம் எடுத்து மாட்டிக்கொள்ளலாம். கொழுந்தனிடம் கார் ஓட்டப் பழகும் ஒருவர் கயாக் கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இன்னொரு வழியும் இருந்தது. குளத்துக்குப் பின்னால் நெட்டையும் அவருடைய கூட்டாளிகளும் படகுகள் வைக்கும் கொட்டகை. ஆனால் அங்கே ஒரு கட்டுப்பாடு உண்டு. தண்ணீரில் இறங்குகிற படகுக்குத்தான் இடம், சும்மா கிடக்கிற படகுக்கு இல்லை. நெட்டை இதைச் சொல்லும்போது தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

அவள் இரண்டு நாள் யோசித்தாள். பிறகு கொழுந்தனைக் கூப்பிட்டு, "ஒரு தடவை நான் போய்ட்டு வரேன். என்னால முடியலைன்னா உன் ஆளுக்கே கொடுத்துடலாம்" என்றாள்.

"எங்க அண்ணி போறீங்க?"

"கடலுக்குத்தான். வேற எங்க?"

பழக்க தோஷம், பயம் வந்தால் கொழுந்தனுடைய வலது கால் தானாகத் தரையை அழுத்தும். எத்தனையோ வருடமாகப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பிரேக் போட்ட கால் அது. இப்போதும் சமையலறைத் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

முதல் வேலை கார் நிறுத்துமிடத்திலேயே நடந்தது. உறையைக் கழற்றினார்கள். மஞ்சள் நிறம் கொஞ்சமும் மங்கவில்லை. அவள் தாங்கிகளின் மேல் ஏறி இருக்கையில் உட்கார்ந்தாள். கைக்கு எல்லாம் எட்டியது. காலுக்கு எட்டவில்லை. கயாக்கில் இரண்டு பக்கமும் பாதத்தை ஊன்றிக்கொள்ள மிதிகள் உண்டு. அதை உதைத்து ஊன்றினால்தான் இடுப்பு நிலைக்கும், துடுப்பில் பலம் ஏறும். அவளுடைய பாதங்கள் மிதிகளுக்கு ஒரு சாண் இந்தப் பக்கமே நின்றுவிட்டன.

கொழுந்தனுக்கு இது தெரிந்த விவகாரம். "சீட்டைச் சரி பண்ணாம வண்டியை எடுக்கவே கூடாது அண்ணி. நான் முதல் நாள் சொல்லிக்கொடுக்கறதே அதுதான். இந்த மிதி தண்டவாளத்துல ஓடுது பாருங்க, இந்தக் கொக்கியைத் தூக்கி இழுத்தா வந்துடும்."

"வேண்டாம். அவர் வச்சது அப்படியே இருக்கட்டும்."

"எட்டலையே அண்ணி."

"எட்ட வச்சுக்கறேன்."

அவள் மாடிக்குப் போய் இரண்டு நாள் உட்கார்ந்து ஒரு மெத்தை தைத்தாள். சோபாவுக்குப் போடுகிற கெட்டிப் பஞ்சு, மேலே திரைத்துணி, நான்கு பக்கமும் விளிம்பு உருண்டு நிற்கும் குழல் தையல். முதுகுக்குப் பின்னால் வைத்தால் உடம்பு ஒரு சாண் முன்னால் வரும், கால் எட்டும். கீழே போய் வைத்துப் பார்த்தாள், எட்டியது. அளவு எடுத்துத் தைப்பதில் அவளை யாரும் குறை சொல்ல முடியாது. பாதம் மிதியில் பட்டதும், அவர் கால் வைத்த இடத்தில் தன் கால் இருக்கிறது என்று அவளுக்குப் பட்டது. கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். செயலாளர் பால் வாங்கிக்கொண்டு வந்தவர், பார்த்தும் பாராதவர் போல மறுபக்கமாகப் படியேறினார்.

*

கொழுந்தன் தன் வண்டியின் கூரையில் கயாக்கைக் கட்டினான். "பழகுநர் வண்டி, இடைவெளி விடவும்" என்ற பலகைக்கு மேல் மஞ்சள் மூக்கு நீட்டிக்கொண்டிருக்க, மெதுவாகக் கடற்கரைக்குப் போனார்கள். குளத்துக்குப் பின்னால் பாறைகள் வளைத்துப் பிடித்த ஒரு சிறு விரிகுடா. காலையில் அங்கே அலை இருக்காது, தட்டில் வைத்த தண்ணீர் மாதிரி கிடக்கும்.

அவள் லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டாள். கொழுந்தன் பேன்ட்டோடு இறங்கி இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கயாக்கைப் பிடித்தான். ஏறினாள், துடுப்பைப் போட்டாள். நன்றாகத்தான் போயிற்று. மூக்கு வலது பக்கம் திரும்புகிறது என்றால் வலது பக்கம் அழுத்து, அவ்வளவு கணக்கு. குளத்தில் நீந்திப் பழகிய தோள் கேட்டபடி வேலை செய்தது. கொழுந்தன் பின்னாலிருந்து, "மெதுவா, மெதுவா, கிளட்சை விட்டுடாதீங்க" என்று சொல்லிக்கொண்டே தண்ணீரில் நடந்தான்.

பாறை ஓரம் வந்ததும் தூண்டிலை எடுக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. குழாய் இடது பக்கம் இருந்தது. அவர் இடது கைக்காரர். அவள் வலது கையை முதுகைச் சுற்றிப் பின்னால் கொண்டுபோனாள். தாங்கியின் மேல் இதைப் பலதடவை செய்து பார்த்திருந்தாள், எட்டியது. ஆனால் தாங்கி ஆடாது. அந்த மெத்தை நனைந்து வழுக்கலாகியிருந்தது. உடம்பு திரும்பியதும் மெத்தை ஒரு பக்கம் பிதுங்க, இடுப்பு மறுபக்கம் நழுவ, பாதம் மிதியை விட்டு விலகியது. ஊன்றிக்கொள்ள ஒன்றும் இல்லை.

கவிழ்ந்தது மிகவும் நிதானமாக நடந்தது. யாரோ அவளைப் படுக்கவைப்பது போல இருந்தது. தண்ணீருக்கு அடியில் பச்சையாக ஒரு வெளிச்சம், சத்தமே இல்லை. லைஃப் ஜாக்கெட் அவளைத் தூக்கி மேலே கொண்டுவந்தது. கொழுந்தன் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஓடிவந்து அவள் தோளைப் பிடித்தான். அவள் நின்று பார்த்தால் தண்ணீர் நெஞ்சளவுகூட இல்லை.

இருவரும் சேர்ந்து கயாக்கைப் புரட்டினார்கள். அவள் எல்லாம் போயிருக்கும் என்று நினைத்தாள். அவர் வாரக்கணக்கில் உட்கார்ந்து பொருத்தியதை ஒரு நிமிடத்தில் கடலுக்குக் கொடுத்துவிட்டேன் என்று நினைத்தாள். கயாக் நிமிர்ந்தபோது தூண்டில் கயிற்றோடு வந்தது. அதற்குப் பின்னால் குறடு வந்தது. கத்தி உறையோடு, பெட்டி, விசில், துடுப்புகூட, எல்லாம் அதனதன் கயிற்றில் சொட்டச் சொட்டத் தொங்கின. துவைத்த துணியைக் கொடியில் போட்ட மாதிரி இருந்தது. கொழுந்தன் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் போகலை அண்ணி" என்றான்.

போனது அவள் கொண்டுவந்தவை மட்டும்தான். ஒரு செருப்பும் மெத்தையும். மெத்தை கொஞ்ச தூரம் மிதந்து, தண்ணீர் குடித்துப் பெருத்து, நான்கு பக்கத் தையலும் தெரிய ஒருமுறை புரண்டுவிட்டு மூழ்கியது.

"அதுக்கு நீங்க கயிறு கட்டலை" என்றான் கொழுந்தன்.

அவள் சிரித்தாள். எட்டு மாதத்தில் முதல் சிரிப்பு. அது எங்கே தொடங்கி எங்கே வேறொன்றாக மாறியது என்று அவளுக்கும் தெரியவில்லை. கொழுந்தன் திரும்பிக்கொண்டு, ஏற்கெனவே பார்த்த சாமான்களை மறுபடியும் தொட்டுப் பார்த்தான்.

நெட்டை குளத்திலிருந்து பார்த்துவிட்டு இறங்கி வந்திருந்தார். ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்ததும் கயாக்கைக் கரைக்கு இழுக்கக் கை கொடுத்தார். இழுத்துப் போட்டதும் உள்ளே குனிந்து பார்த்தார்.

"ஏன்க்கா மிதியை இவ்வளவு தூரத்துல வச்சிருக்கீங்க?"

"அது அவர் வச்சது."

நெட்டை அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மணல் கால்களோடு கயாக்கில் உட்கார்ந்து கால்களை நீட்டினார். இரண்டு பாதமும் மிதிகளில் கச்சிதமாகப் பொருந்தின. முழங்கால் எவ்வளவு மடங்க வேண்டுமோ அவ்வளவு மடங்கியிருந்தது.

"இது என் கால் அளவு அக்கா" என்றார். "நான் கடைசியா ஓட்டினப்ப எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கு. அண்ணன் இதைத் தொடவே இல்லை."

அவள் நெட்டையின் பாதங்களைப் பார்த்தாள். நீளமான பாதங்கள், பெருவிரலில் நகம் கொஞ்சம் கறுத்திருந்தது. எட்டு மாதம் காவல் காத்தது இதையா?

"சாமானெல்லாம் மாட்டிக்கிட்டிருந்தப்ப எனக்கு ஃபோன் பண்ணினாரே" என்று நெட்டை தொடர்ந்தார். "மிதியை எப்ப மாத்துவீங்கன்னு கேட்டேன். அது கடைசில, தண்ணில ஆள் உக்காந்த பிறகுன்னாரு."

அவளுக்கு அது தெரியும். அவர் எத்தனையோ தடவை சொன்னதுதான். லிஃப்டை எவ்வளவு அளந்து பொருத்தினாலும், அதன் தரை மாடித் தரையோடு சமமாக நிற்கிறதா என்று வெறும் பெட்டியை வைத்துப் பார்க்கக் கூடாது. ஆள் ஏறினால் கயிறு கொஞ்சம் இளகும். ஆள் ஏறிய பிறகுதான் தளம் பார்க்க வேண்டும். சாப்பாட்டு மேசையில் இதைச் சொல்லும்போதெல்லாம் உள்ளங்கையைத் தட்டையாக விரித்து மேசை விளிம்போடு சேர்த்துக் காட்டுவார். கேட்டுக் கேட்டுப் புளித்த பேச்சு என்று அவள் அப்போது நினைத்திருக்கிறாள்.

அவர் கயாக்கில் தன் காலை வைத்துப் பார்த்ததே இல்லை. அதற்கு நாள் வரவில்லை. அது அவளுக்கு வலித்தது. அதே நேரம் உள்ளுக்குள் ஏதோ ஒன்று இளகவும் செய்தது.

"எறங்குங்க" என்றாள் நெட்டையிடம்.

குனிந்து கொக்கியைத் தூக்கினாள். மணலும் உப்பும் ஏறி இறுகிக் கிடந்தது. இழுத்தாள், வரவில்லை. கொழுந்தன் கையை நீட்டினான், வேண்டாம் என்று தலையசைத்தாள். கரையில் வைத்திருந்த கைப்பையில் தையல் மெஷினுக்கு விடுகிற எண்ணெய்க் குப்பி எப்போதும் இருக்கும். தண்டவாளத்தில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு சொட்டு விட்டு, கொஞ்சம் பொறுத்து, மறுபடி இழுத்தாள். மிதி கரகரவென்று நகர்ந்தது. கயாக்கை மறுபடி தண்ணீரில் தள்ளச் சொல்லி, ஏறி உட்கார்ந்து, அங்கேயே வைத்துப் பார்த்துப் பார்த்து நகர்த்தினாள். தண்டவாளத்தின் ஒரு பல்லில் அது டக்கென்று உட்கார்ந்தது. பாதம் ஊன்றியது. இடுப்பு நிலைத்தது. அவள் வேண்டுமென்றே உடம்பை இந்தப் பக்கம் சாய்த்தாள், அந்தப் பக்கம் சாய்த்தாள். கயாக் அவளோடு சாய்ந்து அவளோடு நிமிர்ந்தது.

"தூண்டில் குழாயையும் வலது பக்கம் மாத்திடலாமா அண்ணி?" என்று கொழுந்தன் கேட்டான். "ஒரு துளைதானே. நான் ட்ரில் கொண்டு வரேன்."

அவள் அந்தக் குழாயைப் பார்த்தாள். அது நிச்சயமாக அவருடைய கை.

"வேண்டாம். என் இடது கைக்கும் ஏதாவது வேலை இருக்கட்டும்."

*

அடுத்த இரண்டு வாரம் காலையில் விரிகுடாவுக்குள்ளேயே பழகினாள். நெட்டை வேண்டுமென்றே அவளைக் கவிழ்த்து, அவளாகவே ஏறவைத்தார். நான்காவது தடவைக்குமேல் அவளுக்கே அது பிடித்துவிட்டது. வாடிக்கைக்காரர்களிடம் துணி ஒரு நாள் தாமதமாகும் என்று சொல்லப் பழகினாள். ஒரு வீட்டில் ஜன்னலை அளக்கும்போது நாடாவைப் பிடித்தபடியே நின்று வெளியே பார்த்தாள். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டம்மா, "அளவு சரியா வரலையா?" என்று கேட்டாள்.

மாதக் கடைசிக்கு முன்னால், காற்று படுத்திருந்த ஒரு காலையில், நெட்டை தன் கயாக்கிலும் அவள் தன்னுடையதிலும் பாறைகளைத் தாண்டி வெளியே போனார்கள். கொழுந்தன் கரையில் நின்றான். நெட்டை சொன்னபடி கரை தெரிகிற தூரத்திலேயே, தண்ணீர் நிறம் மாறுகிற இடத்தில் நிறுத்தினார்கள்.

அவள் நங்கூரத்தை வளையத்தில் மாட்டி இறக்கினாள். அது அடியைப் பிடித்ததும் கயாக் பக்கவாட்டாகத் திரும்பிக்கொண்டு, சின்ன அலைக்கெல்லாம் தலையாட்டியது. கால்களை மிதியில் ஊன்றிக்கொண்டு, பக்கத்தில் ஓடிய கயிற்றை இழுத்தாள். கப்பி சுற்றியது. அவர் கடைசியாக எண்ணெய் விட்ட கப்பி. கயிறு எங்கும் சிக்காமல், முனகாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. வளையம் ஆடி ஆடி முன்னால் போயிற்று. கயாக்கின் மூக்கு மெல்லத் திரும்பிக் காற்றைப் பார்த்தது. ஆட்டம் நின்றது. லிஃப்ட் மாடிக்கு வந்து சேர்ந்து கதவு திறப்பதற்கு முன் ஒரு கணம் நிற்குமே, அப்படி நின்றது. அவள் தன்னை அறியாமல் உள்ளங்கையை விரித்து விளிம்போடு சேர்த்து வைத்துப் பார்த்தாள்.

இடது கையால் தூண்டிலை எடுப்பது இன்னும் கொஞ்சம் தடுமாற்றம்தான். ஆனால் எடுத்தாள். வெயில் ஏறும்வரை ஒன்றும் கடிக்கவில்லை. நெட்டை அந்தப் பக்கம் ஒன்றன்பின் ஒன்றாக இழுத்துக்கொண்டிருந்தார், மரியாதைக்காக அவள் பக்கம் பார்க்கவில்லை. கடைசியில் அவளுடைய தூண்டில் கோலும் துடித்தது. உள்ளங்கை அளவு வெள்ளி மீன். முள்ளை எடுக்கக் குறடை எடுத்தாள், மீன் துள்ளியது, குறடு நழுவித் தண்ணீரில் விழுந்தது.

அவள் பதறி எட்டிப் பார்த்தாள். குறடு மினுங்கிக்கொண்டே பச்சைக்குள் இறங்கியது, இறங்கி, நின்றது. அங்கேயே தொங்கியது. அவள் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவசரமே இல்லாமல், கயிற்றை ஒரு பிடி ஒரு பிடியாக இழுத்து மேலே கொண்டுவந்தாள். முள்ளை எடுத்து, சின்ன மீனாக இருக்கிறதே என்று அதைத் தண்ணீரில் விட்டாள். அதற்கு மட்டும் கயிறு இல்லை.

கரைக்கு வந்தபோது கொழுந்தன் நின்ற இடத்தில் வலது காலுக்குக் கீழே மணலில் ஒரு குழி விழுந்திருந்தது. அவன் ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தான். கயாக்கின் மூக்கைப் பிடித்து இழுத்து மேலேற்றினான். கேட்கத் தயங்குவது தெரிந்தது. அவளே பேசட்டும் என்று காத்திருந்தான், முடியவில்லை.

"அந்த ஆள் நேத்தும் கேட்டார் அண்ணி. என்ன சொல்லட்டும்?"

அவள் டீயைக் குடித்து முடித்தாள். ஃபிளாஸ்கைக் கையில் வாங்கி, மூடியைத் திருகி, கைப்பிடியைத் தடவிப் பார்த்தாள்.

"அவரை வேற பாத்துக்கச் சொல்லு. இந்த ஃபிளாஸ்கை எனக்குக் கொடுத்துடு தம்பி. இதுல ஒரு வளையம் இருக்கு பாரு, கயிறு கட்ட வசதியா இருக்கும்."

நெட்டை ஏற்கெனவே கொட்டகையின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.